ஒரே ஒரு சிறுகதையை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்க முடியுமா?

5 ஜனவரி 2024 – கேள்வி

தமிழ் மீடியத்தில் படித்தவன். இலக்கணப் புத்தகம் மூன்று வாங்கி, மூன்றிலும் டென்ஸ் பாடத்தோடு நின்றுவிட்டேன். கேட்கிற எல்லாரும் கதை படி, கதை படி என்கிறார்கள். கதை படித்தால் நாலு சொல் வரலாம், இலக்கணம் எப்படி வரும்? யாராவது அப்படிப் படித்து உண்மையிலேயே தேறியிருக்கிறீர்களா, இல்லை சும்மா சொல்வதா?

5 ஜனவரி, இரவு

தேறினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு கதையை ஏழெட்டு மாதம் திரும்பத் திரும்பப் படித்தேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எழுதிய மெயில்கள் கையில் இருக்கின்றன, இரண்டும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வேலைக்குச் சேர்ந்தது செக்கிங் செக்‌ஷனில். பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவருக்கு, மெயில் எழுதுகிற நாற்காலி கிடைக்கப் பத்து வருடம் ஆனது. கிடைத்த பிறகு நான் செய்ததெல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய மெயிலைத் திறந்து ஸ்டைல் நம்பரையும் தேதியையும் மாற்றி அனுப்புவதுதான். பழைய மெயிலில் இல்லாத பிரச்சினை ஒன்று வந்தால் கை நடுங்கும்.

கதை, ஓ. ஹென்றியின் 'த கிஃப்ட் ஆஃப் த மேஜை'. 1905இல் வந்தது. சுமார் இரண்டாயிரம் சொல், ஏழெட்டுப் பக்கம். நியூயார்க்கில் ஏழைத் தம்பதி, டெல்லாவும் ஜிம்மும், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். அவன் கைக்கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க அவள் கூந்தலை விற்கிறாள்; அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்க அவன் கடிகாரத்தை விற்றுவிடுகிறான். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று திட்ட வேண்டாம். முடிவு தெரிந்த கதை என்பதால்தான் மொழியைக் கவனிக்க முடிந்தது, அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்பு இருந்தால் கண் வரியைத் தாண்டி ஓடிவிடும்.

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் 'த ஃபோர் மில்லியன்' என்ற தொகுப்பில் இருக்கிறது, லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிவடிவமும் உண்டு. காசு எதுவும் கிடையாது.

6 ஜனவரி

நேற்று கைக்கடிகாரம் என்று எழுதிவிட்டேன், தப்பு. சட்டைப்பையில் வைக்கிற கடிகாரம். கையில் கட்டுவதாக இருந்தால் சங்கிலி எதற்கு, கதையே இல்லை. ஏழெட்டு மாதம் படித்த லட்சணம் இது.

7 ஜனவரி

சொல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் அதில்தான் நிறைய நேரத்தை வீணாக்கினேன்.

முதல் தடவை ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில், அகராதி சகிதமாக உட்கார்ந்தேன். தெரியாத சொல்லையெல்லாம் எழுதி எதிரில் தமிழ் அர்த்தம். கதை முடிவதற்குள் நூற்று நாற்பது சொல் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறந்து இடது பக்கத்தை மட்டும் பார்த்தால் பதினைந்து சொல்தான் நினைவில் இருந்தன. முதல் பத்தியிலேயே 'பார்சிமொனி' என்று ஒன்று வரும். கஞ்சத்தனம். அதற்குப் பிறகு இன்றைக்கு வரை அந்தச் சொல்லை எந்த மெயிலிலும் எந்தப் பேச்சிலும் நான் சந்திக்கவில்லை, சந்தித்தால் வணக்கம் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்.

இதைவிட மோசம், தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போனது. அதே பத்தியில் அவள் மளிகைக்காரரையும் காய்கறிக்காரரையும் கசாப்புக்காரரையும் 'புல்டோஸிங்' செய்து ஒன்றும் இரண்டுமாகக் காசு சேர்த்தாள் என்று வருகிறது. எனக்குப் புல்டோசர் தெரியும், ரோடு போடுகிற இடத்தில் பார்த்திருக்கிறேன். கடையை இடித்தாளா? ஏதோ வேடிக்கையாக எழுதியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். நாலாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது, 1905இல் அந்த இயந்திரத்துக்கு அந்தப் பெயரே வரவில்லை. மிரட்டிப் பணியவைப்பது என்பதுதான் அப்போது அதன் அர்த்தம், இயந்திரத்துக்குப் பெயர் பிறகு வந்தது. இங்கே விடாப்பிடியாகப் பேரம் பேசுவது. கடைக்காரர் வாய் திறந்து 'ரொம்பத்தான் இழுக்கிறாயம்மா' என்று சொல்லவில்லை, ஆனால் அவர் பார்வையிலேயே அவளுக்கு முகம் சுருங்கிப்போகிறது. அந்த ஒரு வாக்கியம் புரிந்த பிறகு டெல்லா எங்கள் தெருப் பெண்ணாகிவிட்டாள்.

7 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

தலைப்பை எப்படி உச்சரிப்பது என்று ஒருவர் கேட்கிறார். நான் முதலில் 'மேகி' என்றுதான் படித்தேன். நூடுல்ஸ் பரிசா என்று என் மகள் கேட்டாள். ஒலிவடிவத்தில் கேட்டால் அப்பட்டமாக 'மேஜை'. நம் மேஜைதான், நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது. பேக்கிங் செக்‌ஷனில் ஒரு அக்கா சர்ச்சுக்குப் போகிறவர், அவரிடம் கேட்டேன். குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கேயிருந்து வந்தவர்கள், பழைய தமிழ் பைபிளில் 'சாஸ்திரிகள்' என்று இருக்கும் என்றார். சாஸ்திரிகளின் பரிசு! இப்போது எனக்கு அந்தத் தலைப்பு மறக்கவே மறக்காது.

சீப்பும் அப்படித்தான். நான் 'காம்ப்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'கோம்ஸ்', நடுவில் பி கிடையாது. கண்ணால் மட்டும் படித்திருந்தால் இந்த ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

11 ஜனவரி

இலக்கணம் எப்படி வரும் என்பதுதானே கேள்வி. எனக்கு முதலில் தப்பாகத்தான் வந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதல் பத்தியின் கடைசி வரி: 'அண்ட் த நெக்ஸ்ட் டே வுட் பி கிறிஸ்துமஸ்'. கொஞ்சம் தள்ளி இன்னொன்று: 'டுமாரோ வுட் பி கிறிஸ்துமஸ் டே'. நாளைக்குக் கிறிஸ்துமஸ் வரும். சரி, 'வில்' என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'வுட்' போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஆபீஸிலும் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், அதனால் சந்தேகமே வரவில்லை. கதையிலேயே இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வாரமே ஒரு பையருக்கு எழுதினேன்: 'த குட்ஸ் வுட் பி டெஸ்பாட்ச்டு ஆன் ஃப்ரைடே'. பத்து நிமிடத்தில் பதில். 'வுட் பி? சப்ஜெக்ட் டு வாட்?' அவ்வளவுதான் மெயில். எதற்கு உட்பட்டு, என்ன நிபந்தனை என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியாமல் முதலாளியிடம் காட்ட, அவர் என்னைவிட அதிகமாகக் குழம்பி, ஏதோ பேமெண்ட் கண்டிஷன் போட்டுவிட்டாயா என்று சத்தம் போட, அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த 'வுட்' பொய்யே இல்லை. டையிங்கில் (சாயம் போடுகிற இடத்தில்) துணி சொன்ன நாளில் வந்தால், ஷேட் (நிறம்) ஒத்துப்போனால், வெள்ளிக்கிழமை சரக்கு போகும். மனதில் இருந்த அந்த 'ஆல்' எல்லாம் என்னை அறியாமல் மெயிலில் போய்விட்டது.

12 ஜனவரி

அப்போது கதை தப்பாகச் சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நான்தான் ஒரு வரியை வைத்து விதி போட்டேன்.

தமிழில் கதை எழுதினால் நாம் என்ன செய்வோம் என்று யோசித்தபோதுதான் வழி தெரிந்தது. 'மறுநாள் கிறிஸ்துமஸ்' என்று எழுதினால் கதை சொல்பவர் பேசுகிறார். 'நாளைக்குக் கிறிஸ்துமஸ்' என்று எழுதினால் டெல்லா மனதுக்குள் நினைக்கிறாள். 'நெக்ஸ்ட் டே' மறுநாள், 'டுமாரோ' நாளை. இரண்டையும் அவர் வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறார், முதலில் வெளியிலிருந்து சொல்லிவிட்டு அப்புறம் அவள் தலைக்குள் போகிறார். ஆனால் கதை முழுக்க இறந்த காலத்தில் நடப்பதால் உள்ளே இருக்கும் 'வில்' பின்னால் தள்ளி 'வுட்' ஆகிவிட்டது. நின்றுகொண்டிருக்கிற இடம் நேற்று, பார்க்கிற இடம் அதற்கு அடுத்த நாள்.

நான் மெயில் எழுதும்போது நேற்றில் நிற்கவில்லை, இன்றைக்கு நிற்கிறேன். ஆகவே 'வில்'.

இதை மூன்று இலக்கணப் புத்தகமும் சொல்லியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன், வில் போனால் வுட் வரும், டுமாரோ போனால் த நெக்ஸ்ட் டே வரும் என்று. மதிப்பெண்ணும் வாங்கினேன். அது எதற்கு என்று தெரியாமல் வாங்கினேன். அந்த அட்டவணைப்படி பார்த்தால் 'டுமாரோ வுட் பி' என்பதே தப்பு, இரண்டில் ஒன்றுதான் மாறியிருக்கிறது. கதையில் அது தப்பில்லை, அங்கேதான் அழகு.

13 ஜனவரி

'வுட்' இன்னும் முடியவில்லை. அதே கதையில் ஷீபா ராணி வருகிறாள், பழைய பைபிளில் 'சேபாவின் ராஜஸ்திரீ'. வாக்கியம் இப்படித் தொடங்கும்: 'ஹேட் த குயின் ஆஃப் ஷீபா லிவ்ட் இன் த ஃப்ளாட் அக்ராஸ் த ஏர்ஷாஃப்ட்'. ஹேட் என்று தொடங்கியதும் கேள்வி என்று நினைத்து, வாக்கிய முடிவில் கேள்விக்குறியைத் தேடினேன். இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

'இஃப்' என்பதை எடுத்துவிட்டு 'ஹேட்' முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ராணி எதிர் ஃப்ளாட்டில் குடியிருந்திருந்தால், அவளுடைய நகைகளை மட்டம் தட்டுவதற்காகவே டெல்லா தன் கூந்தலை ஜன்னலுக்கு வெளியே உலரப் போட்டிருப்பாள். 'இருந்திருந்தால்' என்பது 'ஹேட்'. 'போட்டிருப்பாள்' என்பது 'வுட் ஹேவ்'. நம்மிடம் இருக்கிற ஜோடி அப்படியே அங்கே இருக்கிறது. 'நேத்தே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல' என்று தினமும் சண்டை போடுகிற நமக்கு 'தேர்ட் கண்டிஷனல்' என்று பெயர் வைத்துப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்த வாக்கியமும் அதே அச்சு. சாலமோன் ராஜா அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன் மாதிரி ஆளாக இருந்திருந்தால், ஜிம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கடிகாரத்தை எடுத்துப் பார்த்திருப்பான், ராஜா பொறாமையில் தாடியைப் பிடித்து இழுத்துக்கொள்வதைப் பார்ப்பதற்காக. ஒரே கட்டுமானம் அடுத்தடுத்து இரண்டு முறை. ஒருமுறை வந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன், இரண்டாவதில்தான் பிடிபட்டது.

14 ஜனவரி

நாளைக்குப் பொங்கல். 'டுமாரோ இஸ் பொங்கல்', வுட் இல்லை. ஊருக்குப் போகிறேன்.

19 ஜனவரி

ஊரில் என் அண்ணன் மகன், கணக்கில் புலி, கதையின் முதல் வரியைப் படித்துவிட்டு இது நடக்காது என்றான். ஒரு டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் பென்னிகள், அதாவது ஒரு சென்ட் காசுகள். மீதி 127 சென்ட். பென்னி இல்லாமல் ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட் காசுகளை வைத்துக்கொண்டு 127 எப்படி வரும்? ஏழு வராதே. நானும் கை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வரவில்லை. ஆசிரியர் கணக்கில் தப்பு விட்டுவிட்டார் என்று இருவரும் தீர்ப்பு எழுதினோம்.

இங்கிலீஷுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால் ஒன்றுமில்லை. இல்லை, ஒன்று உண்டு: அந்த வரியை அவன் பத்துத் தடவை படித்தான், 'இன் பென்னிஸ்' என்பதில் 'இன்' ஏன் என்று அவனாகவே கேட்டான். நாம் 'சில்லறையாக' என்று சொல்கிற அந்த 'ஆக'தான் அது. 'பேமெண்ட் இன் டாலர்ஸ்' என்று தினமும் எழுதுகிறேன், அதே 'இன்' என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

22 ஜனவரி

'த' எங்கே போடுவது என்று கேட்டவருக்கு. தமிழனுக்கு இங்கிலீஷில் சாகிற வரைக்கும் தீராத வழக்கு இது. நம்மிடம் 'ஒரு' இருக்கிறது, 'அந்த' இருக்கிறது, ஆனால் இரண்டும் இல்லாமலே வாழ்க்கை ஓடிவிடும். 'காய்கறிக்காரர் வந்தார்' போதும்.

பள்ளியில் சொன்னது: முதல் தடவை சொன்னால் 'எ', இரண்டாம் தடவை 'த'. அதை வைத்துக்கொண்டு கதையைப் பார்த்தால் முதல் பத்தியிலேயே இடிக்கிறது. 'த கிராஸர் அண்ட் த வெஜிடபிள் மேன் அண்ட் த புட்சர்'. அதற்கு முன்னால் இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, பின்னே ஏன் 'த'? ஏதோ ஒரு மளிகைக்காரர் இல்லை, அவள் வழக்கமாக வாங்குகிற மளிகைக்காரர். நம் வீட்டில் 'பால்காரர் வந்தாச்சா' என்று கேட்டால் எந்தப் பால்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு 'த'. கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். சங்கிலிக்கு 21 டாலர். 'ட்வென்டி ஒன் டாலர்ஸ் தே டுக் ஃப்ரம் ஹெர் ஃபார் இட், அண்ட் ஷீ ஹர்ரீட் ஹோம் வித் த 87 செண்ட்ஸ்.' அந்த 87 சென்ட் எங்கிருந்து வந்தது என்று எங்கும் சொல்லவில்லை. 1.87 கூட்டல் 20, கழித்தல் 21. கணக்கு உனக்கே தெரியும், மீதி எவ்வளவு என்று நீயே போட்டிருப்பாய் என்று வாசகனை நம்பி ஒரு 'த' போட்டிருக்கிறார். மூன்றெழுத்து. எனக்கு முதுகு சிலிர்த்தது, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அதே வாக்கியத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். 'இருபத்தோரு டாலர் வாங்கிக்கொண்டார்கள்', நம் வரிசைதான். இங்கிலீஷில் கர்த்தா, வினை, செயப்படுபொருள் என்று ஒரே வரிசை, மாற்றினால் தப்பு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அழுத்தம் வேண்டுமென்றால் விலை முன்னால் வரலாமாம். மெயிலில் செய்ய வேண்டாம், படித்து ரசித்தால் போதும்.

23 ஜனவரி

காசுக் கணக்கில் நானும் அண்ணன் மகனும் தோற்றோம். அமெரிக்காவில் முன்பு இரண்டு சென்ட் காசும் மூன்று சென்ட் காசும் அடித்திருக்கிறார்கள். இரண்டு சென்ட் 1873 வரை, நிக்கல் மூன்று சென்ட் 1889 வரை. ஒரு டாலர் இருபத்தைந்தோடு ஒரு இரண்டு சென்ட் காசு சேர்ந்தால் 127 வந்துவிடும். செத்துப் பல வருடமான ஒருவரைச் சும்மா திட்டிவிட்டோம்.

28 ஜனவரி

சரி, நான் எப்படித்தான் படித்தேன் என்று நேரடியாகக் கேட்டதால் எழுதுகிறேன். நோட்டில் சொற்பட்டியல் போடுவதை நிறுத்திய பிறகு செய்தது இது ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம். அவற்றைத் தமிழில் எழுதுவேன், அகராதித் தமிழில் இல்லாமல் வாய் பேசுகிற தமிழில். கதையை மூடிவிடுவேன். இரண்டு நாள் கழித்து என் தமிழை மட்டும் பார்த்து இங்கிலீஷில் எழுதிவிட்டுக் கதையோடு ஒத்துப் பார்ப்பேன். எங்கெங்கே வேறுபடுகிறதோ அங்கெல்லாம் எனக்குத் தெரியாத இலக்கணம் உட்கார்ந்திருக்கும், தேடிப் போக வேண்டியதில்லை.

உதாரணம். 'மாசக்கணக்கா முடிஞ்ச காசையெல்லாம் சேர்த்துக்கிட்டே வந்திருந்தா.' நான் எழுதியது 'ஷீ வாஸ் சேவிங் ஆல் பாசிபிள் மணி ஃப்ரம் மெனி மந்த்ஸ்'. கதையில் 'ஷீ ஹேட் பீன் சேவிங் எவ்ரி பென்னி ஷீ குட் ஃபார் மந்த்ஸ்'. 'ஹேட் பீன் சேவிங்' என்பதைத் தலைகீழாகப் படித்தால் சேர்த்துக்கொண்டே, வந்து, இருந்தாள். நமக்கு வால் பக்கம் இருப்பது அவர்களுக்குத் தலைப் பக்கம். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, கிடைத்தது கட்டிங் மாஸ்டர்தான். அவர் 'அப்படியா தம்பி' என்றார்.

இன்னொன்று. 'காபி போட்டாச்சு.' நான் 'ஷீ மேட் காபி' என்றேன். கதையில் 'அட் செவன் ஓ கிளாக் த காபி வாஸ் மேட்'. யார் போட்டது என்பது பேச்சில்லை, வேலை முடிந்துவிட்டது என்பதுதான் பேச்சு. பாஸிவ் வாய்ஸ் என்றாலே ராமன் மாம்பழம் தின்றான், மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு 'போட்டாச்சு'வும் அந்தக் குடும்பத்துக்கு உறவுதான் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு என் மெயில்களில் 'த லேப் டிப்ஸ் ஹேவ் பீன் சென்ட்' (சாயம் போட்ட மாதிரித் துணி அனுப்பியாச்சு) என்று பயமில்லாமல் வர ஆரம்பித்தது.

'மெனி எ ஹாப்பி ஹவர்' என்று ஒரு இடம். மெனி என்றால் பன்மை, ஹவர்ஸ் என்று வர வேண்டுமே என்று முட்டிக்கொண்டேன். 'எத்தனையோ நாள்' என்று நாம் சொல்வதில் 'நாள்கள்' எங்கே இருக்கிறது?

28 ஜனவரி, தூங்குவதற்கு முன்

நான் மொழிபெயர்க்கவே முடியாமல் விட்டது மூன்று சொல் வாக்கியம். செலவு அவள் போட்ட கணக்கைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டு, 'தே ஆல்வேஸ் ஆர்'. சுற்றிலும் இறந்த காலம், இது மட்டும் நிகழ்காலம். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, 'எப்பவும் அப்படித்தான்' என்று போய்விட்டாள். முடிந்தது வேலை.

4 பிப்ரவரி

இப்போது கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது. மூன்று பேர் இந்தக் கதையைத் தொடங்கி முதல் பத்தியிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். தப்பு என் மேல்தான்.

பால் நேஷன் என்று நியூசிலாந்தில் ஒரு சொல்லாராய்ச்சியாளர் இருக்கிறார். அவரும் இன்னொருவரும் 2000இல் செய்த ஆய்வு, அகராதி, ஆசிரியர் துணையில்லாமல் ஒரு கதை நன்றாகப் புரிய வேண்டுமென்றால் நூற்றுக்குச் சுமார் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். இந்தக் கதையின் முதல் பத்தியில் அறுபத்தைந்து சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல், அதில் எனக்கு ஐந்து தெரியாது, புல்டோஸிங் சேர்த்தால் ஆறு. அந்தக் கணக்குப்படி நான் இதைத் தொட்டிருக்கவே கூடாது.

நான் தப்பித்ததற்குக் காரணம், பள்ளியில் இதன் சுருக்கிய வடிவத்தைத் துணைப்பாடமாகப் படித்தது. கதை ஏற்கனவே மனதில் இருந்தது. அதனால் இப்போது கேட்கிறவர்களுக்குச் சொல்வது: முதலில் எளிமைப்படுத்திய பதிப்பு ஒன்றைப் படியுங்கள், எதற்கும் நோட்டு எடுக்காதீர்கள், கதை மட்டும். அப்புறம் மூலத்துக்கு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கே சுருக்கியிருக்கிறார்கள், எந்த வாக்கியத்தை உடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

தாண்ட வேண்டியதைத் தாண்டுங்கள். அந்த எட்டு டாலர் ஃப்ளாட்டை வர்ணிக்கிற இடத்தில் 'பெக்கர்' என்ற சொல்லை வைத்து ஒரு விளையாட்டு இருக்கிறது, பிச்சைக்காரர்களைப் பிடிக்கிற போலீஸ் வரை போகும். புரிந்தால் சிரிக்கலாம், புரியாவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

9 பிப்ரவரி

கூந்தல் விற்கிற கடைப் பலகையில் 'ஹேர் குட்ஸ் ஆஃப் ஆல் கைண்ட்ஸ்'. சவரிமுடிக் கடை. தமிழில் ஒரே சொல், அகராதி தேவையில்லை.

அந்தக் கடை உரையாடல்தான் தொடங்குகிறவர்களுக்கு நல்ல இடம். 'வில் யூ பை மை ஹேர்?' 'ஐ பை ஹேர்.' அவ்வளவுதான். அந்தப் பதிலை எங்கள் ஆபீஸில் மொழிபெயர்க்கச் சொன்னால் பாதிப் பேர் 'ஐ ஆம் பையிங் ஹேர்' என்பார்கள், மீதிப் பேர் 'ஐ வில் பை ஹேர்'. ஏனென்றால் நாம் வழக்கமாகச் செய்வதை 'முடி வாங்குவேன்', 'காலையில் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்' என்று எதிர்காலத்தில் சொல்கிறவர்கள். அதனால்தான் 'டெய்லி ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்'. அந்தப் பெண் அதுதான் தன் தொழில் என்று சொல்கிறாள், வெறும் நிகழ்காலம் போதும். 'வி ஆர் எக்ஸ்போர்ட்டிங் டு யூரோப்' என்று எங்கள் கம்பெனி விளம்பரத் தாளில் இருந்ததை 'வி எக்ஸ்போர்ட்' என்று மாற்றச் சொன்னேன். ஒரு சொல் குறைந்தது, அச்சுச் செலவும் குறையுமா என்று முதலாளி கேட்டார்.

இன்னொன்று, 'ஹேர்ஸ்' கிடையாது. 'மை ஹேர் க்ரோஸ் ஸோ ஃபாஸ்ட், ஜிம்!' நாமும் 'முடி கொட்டுகிறது' என்றுதான் சொல்கிறோம், 'முடிகள்' என்பதில்லை. தமிழை நம்பியிருந்தாலே சரியாக வந்திருக்கும், இங்கிலீஷ் என்றதும் எங்கிருந்தோ ஒரு 'ஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்போது தமிழை அப்படியே பெயர்த்தால் போதும் என்கிறீர்களா என்கிறார். நேர்மாறாகவும் அதே பதிவில் எழுதியிருக்கிறேனே ஐயா, 'வாங்குவேன்'தான் 'வில்' என்ற குழியில் தள்ளுகிறது. சில இடத்தில் தமிழ் கை கொடுக்கும், சில இடத்தில் காலை வாரும். எந்த இடம் எது என்பது திருப்பி எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

18 பிப்ரவரி

கடைசிப் பக்கத்துக்கு வராமலே இருக்கிறேன். எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு ஜிம் சொல்கிறான், நம் 'பிரசண்ட்ஸ்' இரண்டையும் கொஞ்ச நாள் எடுத்து வைப்போம், 'தே ஆர் டூ நைஸ் டு யூஸ் ஜஸ்ட் அட் பிரசண்ட்'. பரிசுக்கும் இப்போதைக்கும் ஒரே சொல். ஏழாவது தடவை வரை இது என் கண்ணில் படவில்லை. 'டூ... டு' என்று வந்தால் முடியாது என்று அர்த்தம், 'ஸோ தட் நாட்' போட்டு மாற்று என்று பழக்கப்பட்ட மூளை அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருந்தது. அவன் சங்கடத்தை மறைக்க அப்படிப் பேசுகிறான் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

அப்புறம் 'சப்போஸ் யூ புட் த சாப்ஸ் ஆன்'. 'சப்போஸ்' என்றதும் ஏதோ கற்பனை என்று நினைத்தேன். 'சாப்ஸை அடுப்பில் வையேன்' என்பதுதான். மட்டன் சாப்ஸ் தெரிந்ததால் பிழைத்தேன், சைவமாக இருந்திருந்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

2 மார்ச்

முன்பு 'ஹேட்' முன்னால் வந்து 'இஃப்' இல்லாமல் போனதைப் பற்றி எழுதினேன் இல்லையா. இந்த வாரம் ஒரு பையரிடமிருந்து மெயில், கடைசி வரி 'ஷுட் யூ நீட் எனிதிங் ஃபர்தர், ப்ளீஸ் லெட் மீ நோ'. பார்த்ததும் ஷீபா ராணி நினைவுக்கு வந்தாள். அதே குடும்பம், 'ஷுட்' முன்னால் வந்திருக்கிறது, வேறு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

சந்தேகம் வந்து பழைய மெயில்களைத் தேடினேன். அதே வரி இந்த நாற்காலிக்கு வந்த காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேள்வி என்று நினைத்து நான் ஒவ்வொரு முறையும் மறக்காமல் பதில் எழுதியிருக்கிறேன்: 'நோ மேடம், வி டோன்ட் நீட் எனிதிங்.' எண்ணிப் பார்த்தேன், பதினொரு தடவை.